முதல் சுற்றே தகுதிச் சுற்று: கருண் சந்தோக்கின் 2010

2010 மார்ச் 13, சனிக்கிழமை, பஹ்ரைன். ஃபார்முலா ஒன் பருவத்தின் முதல் பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று. களத்தில் இருந்த 24 கார்களில் ஒன்று மட்டும் அந்த நிமிடம் வரை எந்த மைதானத்திலும் ஒரு சுற்றுகூட ஓடியதில்லை. அடர் சாம்பல் நிறம், விளம்பரதாரர் பெயர்கள் அதிகம் ஒட்டாத வெற்று உடம்பு. உள்ளே உட்கார்ந்திருந்தவர் சென்னையைச் சேர்ந்த 26 வயது கருண் சந்தோக்.

வெள்ளிக்கிழமையின் இரண்டு பயிற்சி நேரங்களிலும் அவருடைய கார் கராஜை விட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமைக் காலைப் பயிற்சியிலும் வரவில்லை. மெக்கானிக்குகள் ராத்திரி பகலாக அதைப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்ற அணிகள் பிப்ரவரி முழுக்க வலென்சியா, ஹெரெஸ், பார்சிலோனா என்று ஸ்பெயினில் ஓட்டிப் பார்த்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கணக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தன. இந்த அணி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் வந்தது. கருணுக்குத் தன் காரின் பிரேக் எங்கே கடிக்கும், கியர் எப்படி விழும், ஸ்டியரிங் எவ்வளவு கனக்கும் என்பதெல்லாம் தெரியவந்தது உலகமே கடிகாரத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில்தான். வீணையை அரங்கேற்ற மேடையில் வைத்துத்தான் முதல்முறையாகக் கையில் கொடுத்தார்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

முடிவு எல்லாரும் எதிர்பார்த்ததுதான். 24ஆவது இடம். போல், அதாவது முதல் இடம், எடுத்த செபாஸ்டியன் வெட்டலைவிடப் பத்து விநாடிக்கு மேல் அதிகம். சக ஓட்டுநர் புரூனோ சென்னாவைவிட ஒன்றரை விநாடிக்கு மேல் பின்னால். புரூனோவுக்கு அதற்குள் கொஞ்சமாவது ஓட்டிப் பார்க்கக் கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஒன்றரை விநாடியைப் படிக்க வேண்டும். ஆனால் நேர அட்டவணையில் அப்படி ஒரு பத்தி கிடையாது. பெயர், நேரம், இடம். அவ்வளவுதான்.

இந்தப் பருவத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நம்மூர் ஃபார்முலா ஒன் ரசிகர்கள் கூடும் இடத்தில் கருண் பெயர் வந்தால் இரண்டே விதமான பேச்சுதான் நடக்கும். "கடைசியில் ஓடிக்கொண்டிருந்தாரே, அவர்தானே?" என்பது ஒன்று. "டிவியில் நன்றாகப் பேசுகிறார்" என்பது இன்னொன்று. நடுவில் இருக்கும் பத்துப் பந்தயங்களை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை, அந்தப் பத்துப் பந்தயங்கள் ஒரு ஓட்டுநரின் தோல்விக் கதை அல்ல. ஒரு புதுமுகத்தை எதை வைத்து அளப்பது என்று இந்த விளையாட்டுக்கே தெரியாது என்பதற்கான சாட்சி.

சரி, அப்படி ஒரு கார் பந்தயத்துக்கு எப்படி வந்தது?

2009இல் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி ஒரு திட்டத்தோடு வந்தார். ஒவ்வொரு அணியும் வருடத்துக்கு 4 கோடி பவுண்டுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு வரம்பு. அந்த வரம்பை நம்பித்தான் சின்ன நிறுவனங்கள் பல விண்ணப்பித்தன. ஸ்பெயினின் காம்போஸ், இங்கிலாந்தின் மேனர், அமெரிக்காவின் யூஎஸ்எஃப்1 ஆகியவை தேர்வாயின. பெரிய அணிகள் கொதித்தெழுந்தன, தனித் தொடரே தொடங்குவோம் என்றன, கடைசியில் சமரசம் ஆயிற்று. சமரசத்தில் காணாமல் போனது அந்தச் செலவு வரம்பு. 4 கோடிக்குள் சமாளிக்கலாம் என்று வந்தவர்கள், அதைப்போல் பல மடங்கு செலவு செய்பவர்களோடு மோத வேண்டியதாயிற்று. யூஎஸ்எஃப்1 பந்தயத்துக்கே வரவில்லை. மேனர் அணி விர்ஜின் என்ற பெயரில் வந்தது. அவர்களுடைய காரின் எரிபொருள் தொட்டி சிறிதாகப் போய்விட்டதால், பருவத்தின் நடுவில் அதைப் பெரிதாக்க வேண்டி வந்தது. அந்த வருடம்தான் பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்பத் தடை வந்திருந்தது. தொட்டி சிறிதென்றால் கொடி விழும் வரை போய்ச் சேர முடியாது.

காம்போஸ் நிலைமை இன்னும் மோசம். காரை வடிவமைத்துக் கட்டும் வேலையை இத்தாலியின் டல்லாரா நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். பணம் வராததால் வேலை நின்று நின்று நடந்தது. பிப்ரவரியில், பருவம் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, ஹோசே ரமோன் கரபான்டே என்ற தொழிலதிபர் அணியை முழுதாக வாங்கினார். கோலின் கோல்லஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெயர் ஹிஸ்பானியா, சுருக்கமாக எச்ஆர்டி. மார்ச் 4 அன்றுதான் கருணை இரண்டாவது ஓட்டுநராக அறிவித்தார்கள். பஹ்ரைனுக்கு அப்போது பத்து நாள்கூட முழுதாக இல்லை.

கருண் எங்கிருந்தோ திடீரென்று வந்தவர் அல்ல. பழைய சென்னை மோட்டார் பந்தய உலகைத் தெரிந்தவர்களுக்கு சந்தோக் என்ற பெயர் வீட்டுப் பெயர் மாதிரி. தாத்தா இந்து சந்தோக், 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த கிளப்தான் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் வருடா வருடம் பந்தயம் நடத்தி, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர மைதானமே கட்டியது. அப்பா விக்கி சந்தோக்கும் பந்தயக்காரர், நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தவர். கருண் 2006இல் ஆசிய ஃபார்முலா ரெனோ வி6 பட்டம் வென்றார். பிறகு ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2. 2007இல் ஸ்பாவில் ஒரு வெற்றி, 2008இல் ஹாக்கன்ஹைமில் ஒரு வெற்றி. ஸ்பாவில் ஜெயிப்பவர் கார் ஓட்டத் தெரியாதவராக இருக்க முடியாது. ஆனால் பட்டத்துக்குப் போட்டியிட்டாரா என்றால், இல்லை. 2008இல் அதே ஐஸ்போர்ட் அணியில் அவருக்குச் சக ஓட்டுநராக இருந்த புரூனோ சென்னா அந்த வருடம் இரண்டாம் இடம் வந்தார். இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கருண் நல்ல ஓட்டுநர்; அபூர்வ ஓட்டுநர் என்று நான் வாதாட வரவில்லை.

பஹ்ரைன் பந்தயத்துக்கு வருவோம். இரண்டு எச்ஆர்டி கார்களும் மற்றவர்களோடு வரிசையில் நிற்காமல், கராஜ்களை ஒட்டிய பிட் லேனிலிருந்து தொடங்கின. தொட்டி நிறைய எரிபொருள், அதாவது 150 கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம். அந்தப் பாரத்தோடு கருண் அந்தக் காரை அதற்கு முன் ஓட்டியதே இல்லை. எப்படி ஓட்டியிருக்க முடியும்? அந்த வருடம் பஹ்ரைனில் பாதையை நீட்டி, புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். அங்கே ஒரு மேடு. இரண்டாவது சுற்றில் அந்த மேட்டில் கார் குதித்தது, கட்டுப்பாடு போனது, சுவரில் போய் நின்றது. அறிமுகப் பந்தயம் முடிந்தது. இங்கே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் முகம் விழுந்துவிட்டது. மறுநாள் வந்த கேலிகளைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே ரசிகர் கூட்டம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனைப் பார்த்து எப்படித் துள்ளியது என்று நினைத்துப் பார்த்தால் இந்த ஏமாற்றத்தின் அளவு புரியும். 2005இல் ஜோர்டான் அணிக்கு வந்த நாராயண், மெல்போர்னில் தன் முதல் தகுதிச் சுற்றிலேயே 12ஆவது இடம் பிடித்தார். மழை கொஞ்சம் கைகொடுத்தது, இருந்தாலும் 12 என்றால் 12தான். அதே வருடம் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் அணிகள் அத்தனையும் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். ஆனால் அதே ஜோர்டானில், அவரைப் போலவே புதுமுகமான டியாகோ மான்டீரோ 19 பந்தயங்களில் 18ஐ முடித்தார். இண்டியானாபொலிஸில் மூன்றாவது இடமும் அவருக்குத்தான். வேகமாக இருப்பதைவிட வீடு வந்து சேர்வதற்குக் கீழ்வரிசையில் மதிப்பு அதிகம் என்பதை அந்த வருடமே எங்களுக்குக் காட்டியிருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை, நாங்கள் நாராயணின் முந்தல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கண்ணோடு 2010 மெல்போர்னைப் பாருங்கள். பஹ்ரைன் முடிந்து இரண்டு வாரம். கருணுக்கு அந்த மைதானமும் புதிது. ஜிபி2 அங்கே போனதில்லை. மழையில் தொடக்கம், பாதை பாதி ஈரம் பாதி காய்ந்தது, முதல் சுற்றிலிருந்தே மோதல். புரூனோவின் கார் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. கருண் ஓட்டிக்கொண்டே இருந்தார். சில நாள் முன்பு வரை முழுதாகப் பூட்டப்படாமல் கிடந்த ஒரு காரை, ஈரத்தில், 53 சுற்று ஓட்டி, கொடி விழும்வரை கொண்டுவந்து சேர்த்தார். வென்ற ஜென்சன் பட்டனைவிட ஐந்து சுற்று பின்னால். முடித்தவர்களில் கடைசி. இடம்: 14.

இந்த 14ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஐந்து சுற்று பின்னால் என்று சொல்வது சுலபம். அது உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேலை வைக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்னணிக் கார் பின்னால் வந்துவிட்டால் நீலக் கொடி காட்டுவார்கள். காட்டினால் வழி விட்டே ஆக வேண்டும். அடுத்தடுத்து மூன்று நீலக் கொடியை மதிக்காமல் போனால் தண்டனை. வழி விடுவதென்றால் சும்மா ஓரம் போவது இல்லை. பந்தயப் பாதையை விட்டு விலகினால் அங்கே டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கும். அவை உங்கள் டயரில் ஒட்டிக்கொள்ளும், பிடிமானம் போகும். வேகம் குறைப்பதால் டயரும் பிரேக்கும் ஆறும். அவற்றை மறுபடி சூடாக்கி நிலைக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த கார் கண்ணாடியில் தெரியும். மூன்று நான்கு சுற்று பின்தங்கும் காருக்கு முன்வரிசைக் கார்கள் ஒவ்வொன்றும் மூன்று நான்கு முறை வரும். ஒரு பந்தயத்தில் பல டஜன் தடவை இதே சடங்கு. ஒரே ஒரு தடவை தப்பான வளைவில், தப்பான பக்கம் ஒதுங்கினால் போதும், அது சாம்பியன்ஷிப் தலைப்புச் செய்தி ஆகிவிடும். சரியாக ஒதுங்கிய நூறு தடவைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இதற்கு நடுவில் தன் பந்தயத்தையும் ஓட்ட வேண்டும். காரைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டும். 2009 முதல் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டத்துக்குத் தடை. ஆகவே கற்றுக்கொள்ள வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஒன்றுதான் வழி. அந்த வெள்ளிக்கிழமையிலும் சில இடங்களில் கிறிஸ்டியன் க்ளீன், சகோன் யமமோட்டோ போன்ற மாற்று ஓட்டுநர்களை எச்ஆர்டி உட்கார வைத்தது. பணம் வேண்டும், என்ன செய்வது? புதுமுகத்துக்கு எது அதிகம் தேவையோ, அதையே எடுத்து விற்கும் நிலையில் அணி இருந்தது.

மலேசியாவில் 15. அங்கே இரண்டு எச்ஆர்டி கார்களும் முதல்முறையாக முடித்தன, புரூனோ 16. சீனாவில் 17. பார்சிலோனாவில் ஒரு சுற்று முன்னால் இருந்த ஹைமே அல்குயர்சுவாரி முந்தும்போது கருண் மேல் திரும்பிவிட்டார். தண்டனை அல்குயர்சுவாரிக்கு, பந்தயம் போனது கருணுக்கு.

அப்புறம் மொனாக்கோ. மே 16.

அந்தப் பந்தயத்தை நான் இன்றும் யூடியூபில் போட்டுப் பார்ப்பது உண்டு. பின்வரிசையில் இருப்பவன் எவ்வளவு நடக்கும் இடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பந்தயம் இல்லை. ரூபன்ஸ் பாரிகெல்லோவின் வில்லியம்ஸ் மலையேற்றத்தில் சுவரில் மோதிச் சுழன்று, பாதையில் எதிர்த்திசை பார்த்து நிற்கிறது. அவசரமாக வெளியேறும் அவர் ஸ்டியரிங்கைப் பிடுங்கி வெளியே எறிகிறார். அது பாதையில் விழ, அதன் மேல் ஏறிப் போனது கருணின் கார். வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பார்கள்.

ஆனால் பெரிய சம்பவம் கடைசியில். நாலைந்து சுற்று பாக்கி. கருணுக்குப் பின்னால் லோட்டஸில் ஜார்னோ ட்ரூல்லி. இருநூறு பந்தயத்துக்கு மேல் ஓடியவர், 2004இல் இதே மொனாக்கோவை வென்றவர். ராஸ்காஸ் வளைவில், இடமே இல்லாத இடத்தில், உள்பக்கம் நுழையப் பார்த்தார். லோட்டஸ் தூக்கி எறியப்பட்டு எச்ஆர்டியின் மேல் ஏறியது. பின்சக்கரமும் அடிப்பகுதியும் கருணின் தலைக்கவசத்தை ஒட்டிப் போயின. ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம் எல்லாம் 2018இல் வந்தது; அன்று தலைக்கு மேல் காற்றுதான். அவர்களைச் சுற்றில் முந்த வந்துகொண்டிருந்த முதல் இடக்காரர் மார்க் வெப்பர் கண்ணெதிரில் இது நடந்தது. விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாக்கித் தன் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் வந்தது. அது கடைசிச் சுற்றின் முடிவில் உள்ளே போன அந்தக் கணத்தில்தான் மைக்கேல் ஷூமாக்கர் கடைசி வளைவில் ஃபெர்னாண்டோ அலோன்சோவை முந்தினார், 20 விநாடி தண்டனை வாங்கினார், விதிப்புத்தகமே விவாதத்துக்கு வந்தது. அந்த விவாதத்தை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். சேஃப்டி கார் ஏன் வந்தது என்று கேட்டால் யோசிப்பார்கள்.

கருண் காயம் இல்லாமல் இறங்கினார். போதுமான சுற்று முடித்திருந்ததால் முடிவுப் பட்டியலில் இடமும் கிடைத்தது. மறுபடியும் 14.

துருக்கியில் இயந்திரக் கோளாறு, 20ஆவது இடம். மாண்ட்ரியாலில் 18, வலென்சியாவில் 18. சில்வர்ஸ்டோனில் புரூனோவை உட்காரவைத்துவிட்டு யமமோட்டோவை இறக்கினார்கள். கருண் 19, யமமோட்டோ 20. அடுத்த பந்தயம் ஹாக்கன்ஹைம், ஜெர்மனி. புரூனோ திரும்பி வந்தார். வெளியே போனது கருண். பருவம் முடியும் வரை அவருக்கு அந்தக் கார் கிடைக்கவில்லை. காரணம் வேகம் அல்ல, பணம் என்றுதான் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. எது எப்படியோ, முந்தைய பந்தயத்தில் தான் தோற்கடித்த யமமோட்டோவிடமே இருக்கையைக் கொடுக்க வேண்டி வந்தது.

அந்தப் பத்துப் பந்தயங்களிலும் கார் மாறவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் எச்ஆர்டியும் டல்லாராவும் பிரிந்துவிட்டன. மற்ற அணிகள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புது இறக்கை, புதுத் தளம் என்று கொண்டுவர, இவர்களுடைய கார் பஹ்ரைனில் எப்படி வந்ததோ கிட்டத்தட்ட அப்படியே வருடம் முழுக்க ஓடியது. மற்றவர்கள் முன்னேறினால் நின்ற இடத்தில் நிற்பவன் பின்னால் போவதாகத்தான் தெரியும். புதுமுகம் கற்றுக்கொண்டே வருகிறான், ஆனால் நேர வித்தியாசம் குறையவில்லை. பார்ப்பவர்கள் "இவன் தேறவில்லை" என்கிறார்கள்.

ஆகவே சக ஓட்டுநரோடு ஒப்பிட்டுப் பார் என்பார்கள். ஒரே கார், ஒரே அணி, அதுதான் நியாயமான அளவுகோல் என்பது ஃபார்முலா ஒன்னின் பொதுக் கொள்கை. தகுதிச் சுற்றுகளில் புரூனோ பெரும்பாலும் கருணைவிட வேகமாக இருந்தார். இதை மறைக்க முடியாது. பந்தயத்தில் கொண்டுசேர்த்ததில் கருண் கை ஓங்கியிருந்தது. இரண்டு கார்களும் ஒரே மாதிரி பூட்டப்பட்டிருந்தனவா, ஒரே அளவு உதிரிபாகம் இருந்ததா என்று கேட்டால், பஹ்ரைனே பதில். அந்த அளவுகோல் மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் சரி. உதிரி இறக்கைக்குத் தவிக்கும் அணியில் அது தோராயக் கணக்குதான்.

இப்போது அந்த 14க்கு வருகிறேன். 2010இல் புள்ளி முதல் பத்து இடத்துக்கு மட்டும். லோட்டஸ், விர்ஜின், எச்ஆர்டி என்ற மூன்று புது அணிகளும் வருடம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்குள் வரிசை எப்படி? சிறந்த முடிவை எண்ணுவார்கள். லோட்டஸுக்கு ஜப்பானில் ஒரு 12 கிடைத்தது, அணிகள் பட்டியலில் பத்தாவது இடம் அவர்களுக்கு. விர்ஜினின் சிறந்த முடிவு 14, இரண்டு தடவை. எச்ஆர்டியின் சிறந்த முடிவும் 14தான், ஆனால் மூன்று தடவை. கொரியாவில் புரூனோ எடுத்தது ஒன்று. மற்ற இரண்டும் கருணுடையவை, மெல்போர்னும் மொனாக்கோவும். அதனால் எச்ஆர்டி 11, விர்ஜின் 12. சோதனையே செய்யாமல் வந்த அணி, அதைவிட ஒழுங்காகத் தயாராகி வந்த அணிக்கு மேலே முடித்தது. ஓட்டுநர் பட்டியலிலும் கருண் 22ஆவது. வருடம் கிட்டத்தட்ட முழுக்க ஓடிய டிமோ க்ளாக், லூகாஸ் டி கிராஸி, புரூனோ மூவருக்கும் மேலே, பாதி வருடமே ஓடிவிட்டு. பெரிய பரிசுப் பணம் முதல் பத்து அணிகளோடு நின்றுவிடும் என்பதால் 11க்கும் 12க்கும் நடுவே கஜானாவில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. இருந்தாலும் எழுதி வைக்கப்பட்ட கணக்கு அது.

இது அதிர்ஷ்டம் இல்லையா என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். மெல்போர்னில் பாதிப் பேர் மோதிக்கொண்டார்கள், மொனாக்கோவிலும் அதேதான், மிஞ்சியவர் மேலே வந்தார், இதில் திறமை எங்கே என்றார். ஈரப் பாதையில் மோதாமல் இருப்பது எப்போதிருந்து அதிர்ஷ்டம் ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. ஓரிடத்தில் ஒதுங்கிக் கொடுத்து, ஓரிடத்தில் பிடித்து நின்று, பழுதாகிவிடக்கூடிய காரைச் செல்லமாக ஓட்டி முடிப்பது தனிக் கைப்பழக்கம். அதற்கு ஹைலைட்ஸில் இடம் கிடையாது, அவ்வளவுதான்.

கீழ்வரிசை அணியில் தொடங்கியும் மேலே போனவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அலோன்சோ 2001இல் மினார்டியில் ஒரு புள்ளிகூட இல்லாமல்தான் முதல் வருடத்தை முடித்தார். டேனியல் ரிக்கார்டோ 2011இல் இதே எச்ஆர்டியில்தான் தொடங்கினார், அதுவும் நடு வருடத்தில் நாராயணின் இருக்கையில். ஆனால் அலோன்சோவுக்குப் பின்னால் அவருடைய மேலாளர் ஃப்ளாவியோ பிரியாட்டோரே இருந்தார், ரிக்கார்டோவுக்குப் பின்னால் ரெட் புல் இருந்தது. அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தியவர்களுக்கு அவர்கள் என்ன கற்கிறார்கள் என்று உள்ளிருந்து தெரியும். அப்படிப் பார்க்க ஆள் இல்லாதவர்களுக்கு இருப்பது அந்த முடிவுப் பட்டியல் ஒன்றுதான்.

ஆள் இருந்தாலும் நிச்சயம் இல்லை என்பது வேறு கதை. 2023இல் நிக் டி வ்ரீஸ், ஃபார்முலா 2, ஃபார்முலா ஈ இரண்டிலும் சாம்பியன், ஆல்ஃபா டவ்ரியில் பத்துப் பந்தயம் ஓடி, சில்வர்ஸ்டோனோடு வெளியே அனுப்பப்பட்டார். கருணுக்கும் பத்து, கருணுக்கும் சில்வர்ஸ்டோன். 2025இல் ஜாக் டூஹன் ஆல்பைனில் ஆறு பந்தய வாரங்களோடு இருக்கையை இழந்தார். லியாம் லாசன் ரெட் புல்லில் இரண்டே பந்தயம். பொறுமை இப்போது இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: இன்றைய புதுமுகத்துக்குச் சிமுலேட்டர் உண்டு, பழைய கார்களில் ஓட்டிப் பழக அனுமதி உண்டு, வெள்ளிக்கிழமைகளில் புதுமுகத்துக்கென்று கட்டாயமாக ஒதுக்கிய பயிற்சி நேரம் உண்டு. கீமி ஆன்டொனெல்லியை மெர்சிடிஸ் அப்படித்தான் தயார் செய்தது. 2010இல் பிட் லேனின் கடைசிக் கராஜில் இதில் எதுவும் கிடையாது.

கருண் அந்த வருடத்தின் மிச்சத்தில் பிபிசி வானொலியில் வர்ணனை செய்யப் போனார். அங்கேதான் அவருக்கு இன்னொரு தொழில் கைகூடியது என்று சொல்லலாம். 2011இல் லோட்டஸ் அணியின் மாற்று ஓட்டுநர். மெல்போர்ன் பயிற்சியில் வெளியே வந்த முதல் சுற்றிலேயே மோதினார். அது அவருக்கு நிச்சயம் உதவவில்லை. ஜூலையில் ட்ரூல்லிக்குப் பதிலாக நூர்பர்க்ரிங்கில் ஒரு பந்தயம் கிடைத்தது, ஆம், அதே ட்ரூல்லி. 20ஆவது. அக்டோபரில் நொய்டா அருகே புத் மைதானத்தில் முதல் இந்திய கிராண்ட் ப்ரீ. கருணுக்கு வெள்ளிக்கிழமைக் காலைப் பயிற்சி மட்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடியது நாராயண், எச்ஆர்டியில், 17ஆவது. இரண்டு தமிழ்நாட்டுக்காரர்களும் ஒரே கிரிட்டில் நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அது கொஞ்சம் கசப்புதான்.

2012இல் லே மான் 24 மணி நேரப் பந்தயம் ஓடிய முதல் இந்தியர் ஆனார். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடும் சேர்ந்து மொத்தத்தில் ஆறாவது இடம். விடிய விடிய, வேகமான கார்களுக்கு வழிவிட்டு, மெதுவான கார்களைத் தாண்டி, எதிலும் மோதாமல் கொண்டுசேர்க்கும் வேலை. 2010இல் அவர் பழகியதற்குப் பக்கத்தில் வருகிற வேலை. 2014இல் ஃபார்முலா ஈ தொடங்கியபோது மஹிந்திரா அணியில் சேர்ந்தார், சக ஓட்டுநர் மறுபடியும் புரூனோ சென்னா.

எச்ஆர்டி 2012 பிரேசில் பந்தயத்தோடு மூடப்பட்டது. அன்று அதில் ஓடியவர்கள் பெட்ரோ டி லா ரோசாவும் நாராயணும். அதன் பிறகு இந்தியர் யாரும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓடவில்லை. பெங்களூருவின் குஷ் மைனி 2025இல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் பந்தயம் வென்றிருக்கிறார். அவரோ வேறொருவரோ மேலே போகும் நாள் வந்தால், எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நான் தொலைக்காட்சியைப் போடுவேன்.